பிரெஞ்சக்காவின் ஆமைகள்

பிரெஞ்சக்கா ஒரே நாளில் என் லாட்ஜுக்கு இரண்டு தடவை வந்தால், முதல் தடவை சொன்னதில் ஏதோ ஒரு வார்த்தை தப்பிவிட்டது என்று அர்த்தம். ஏரிக்கரை வரைக்கும் இறங்கிப் போயிருப்பார். அங்கே நின்று யோசித்திருப்பார். அப்புறம் மூச்சிரைக்க மேடேறித் திரும்பி வருவார்.

"தம்பி, எட்டாம் நம்பர் ரூம் அம்மாவுக்குக் களைப்பா இருக்குன்னு சொன்னேன்ல? களைப்பு இல்ல தம்பி, சலிப்பு. சுவரெல்லாம் ஈரம் கோத்துக் கெடக்குன்னு அவங்களுக்குச் சலிச்சுப் போச்சு. வேற ரூம் குடுங்க."

அதற்குள் நான் அந்த அம்மாவின் களைப்புக்காக ஒரு பிளாஸ்க் வெந்நீரும் கூடுதலாக ஒரு கம்பளியும் அனுப்பியிருந்தேன்.

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதானேக்கா?"

"கிட்டத்தட்ட ஒண்ணுன்னா நான் ஏன் இந்த மேட்ட ஏறி வாறேன்?"

இதைச் சொல்லும்போதும் அவர் ஓரிடத்தில் நிற்கவில்லை. கவுண்டரிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து கவுண்டருக்கு. டீ கொடுத்தால் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நடப்பார். கால்வாசி தரையில் சிந்தும். "உக்காருங்கக்கா" என்றால், "இருக்கட்டும், இருக்கட்டும், சோலி கெடக்கு" என்பார். என்ன சோலி என்று கேட்டால் அந்த நேரத்தில் அவருக்கே தெரியாது.

அவருடைய சொந்தப் பெயரை ஒருமுறை ஆதார் நகலில் பார்த்திருக்கிறேன். அவருக்குப் பொருந்தாத பெயர் மாதிரி இருந்தது, மறந்துபோனேன். ஊரில் எல்லோருக்கும் அவர் பிரெஞ்சக்காதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பம். இருபத்து நாலு வயதில் பாரிஸுக்கு வீட்டு வேலைக்குப் போனார். சமையல், துணி, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களைக் கவனித்துக்கொள்வது. பன்னிரண்டு வருஷம் அப்படிப் போனது. தாயார் படுக்கையில் விழுந்தபோது திரும்பி வந்தார். தாயார் காலமான பிறகு பாரிஸுக்கு டிக்கெட் போடவே இல்லை. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வேன் வேனாக மலையேறி வருவார்கள். இங்கே இங்கிலீஷ் பேச ஆள் உண்டு, இந்தி பேசக்கூட உண்டு, பிரெஞ்சுக்கு அவர் ஒருவர்தான். எங்களை மாதிரிச் சின்ன லாட்ஜுக்காரர்கள் அவரை நம்பித்தான் பிரெஞ்சுக்காரர்களுக்கு ரூம் கொடுத்தோம்.

பிரெஞ்சு அவருக்குக் காதால் வந்தது. இங்கிலீஷ், கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த பேப்பரைக்கூட விடாமல் வாசித்து வந்தது. இரண்டும் எங்கே இடிக்கிறது என்று எழுதி வைக்க நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். அந்த நோட்டில் ஆமைக்கு மட்டும் நாலு பக்கம்.

அது ஆரம்பித்தது என் லாட்ஜில்தான். ஒரு டிசம்பரில் தங்கியிருந்த பிரெஞ்சு இளைஞன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கவுண்டரில் ஒரு சீட்டு வைத்துவிட்டு ஏரிக்குப் போய்விட்டான். அவனுடைய கறுப்பு டர்ட்டில் நெக் காணவில்லையாம். எனக்கு அந்தச் சொல் அப்போது தெரியாது. ரூம் சுத்தம் செய்யும் பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, "கறுப்பா ஒரு ஆமைக் கழுத்தக் காணோமாம், பார்த்தியா?" என்று கேட்டேன். வீட்டுக்குள் ஆமை வருவதை எங்கள் பக்கத்தில் யாரும் விரும்புவதில்லை. அவள் கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள்.

"ஆமையவா ரூம்ல வச்சிருந்தாக? நான் இனி அந்த ரூமுக்குள்ள போமாட்டேன். நீங்களே போய்த் தேடுங்க."

நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினேன். அந்த நேரம் வந்து சேர்ந்த பிரெஞ்சக்கா, சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம் கதவு திறந்தது.

"கழுத்து மூடுற ஸ்வெட்டரு தம்பி! இங்கிலீஷ்காரன்தான் அதுல ஆமையப் பார்த்திருக்கான். பிரெஞ்சுக்காரனுக்கு அது கொல் ரூலே. சுருட்டி விட்ட காலர், அவ்வளவுதான். ஆமையே கெடையாது."

ஸ்வெட்டர் பின்பக்கக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. சாயங்காலம் பிரெஞ்சக்கா மறுபடி வந்தார். ஏரிக்கரை ஸ்வெட்டர்க் கடைகளில் ஒவ்வொன்றாக ஏறி அதை என்ன பெயர் சொல்லி விற்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

அதிலிருந்து அவருக்கு ஆமை பிடித்துக்கொண்டது. இங்கிலீஷ்காரன் கடலில் இருப்பதை டர்ட்டில் என்கிறான், தரையில் நடப்பதை டார்ட்டாய்ஸ் என்கிறான். பிரெஞ்சுக்காரனுக்கு எல்லாமே தொர்த்யூதான். "நமக்கும் எல்லாம் ஆமதான். இதுல நாமளும் அவங்களும் ஒரே கட்சி தம்பி" என்று தேர்தலில் ஜெயித்த மாதிரி சொன்னார். ஒருவகைப் புறாவுக்கு இங்கிலீஷில் டர்ட்டில் டவ் என்று பெயர் என்று எங்கேயோ படித்துவிட்டு இரண்டு நாள் நிலைகொள்ளாமல் திரிந்தார். "புறாவுக்கு எதுக்கு ஆம? ஓடு இருக்கா, ஒண்ணா? பிரெஞ்சுல தூர்த்தரெல்னு அதுக்குத் தனிப்பேரு அழகா இருக்கே!" என்னைக் கேட்டார், கடைசியில் புறாவையே கேட்பது போல எங்கள் தகரக் கூரையைப் பார்த்துக் கையை விரித்தார்.

மெதுவாகப் போவதற்கு இங்கிலீஷ்காரன் நத்தையைச் சொல்கிறான் என்பதும், பிரெஞ்சுக்காரன் நம்மைப் போலவே ஆமையைச் சொல்கிறான் என்பதும் தெரிந்த நாளில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை என் தம்பிதான் அனுபவித்தான். அவன் ஜீப் ஓட்டுபவன், என்னைவிட ஒன்பது வயது இளையவன். பிரெஞ்சக்கா அவனைச் சின்னத்தம்பி என்பார். "சொல்லுங்க சின்னத்தம்பி. அ ப த தொர்த்யூ. ஆம அடியெடுத்து வச்சாப்புல." சீசனில் அருவிப் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது அவன் பின்னால் திரும்பி, "அ ப த தொர்த்யூ, மேடம்!" என்பான். வண்டியே சிரிக்கும். அவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு அது ஒன்றுதான்.

விபத்து நடந்தது மன்னவனூர் சாலையில். பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர், பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்து எங்கள் லாட்ஜில் தங்கியிருந்தார். தம்பி அவரை மன்னவனூர்ப் புல்வெளியைக் காட்டக் கூட்டிப் போனான். திரும்பும்போது மூடுபனி. ஒரு வளைவில் இடதுபக்கச் சக்கரம் சாலை விளிம்பைவிட்டு இறங்க, ஜீப் சாய்ந்து கீழேயிருந்த வெள்ளைப்பூண்டுக் காட்டில் குப்புறக் கவிழ்ந்தது. பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் இருவரையும் வெளியே இழுத்தார்கள். அந்த அம்மாவுக்கு வலது கை முறிந்தது. தம்பிக்கு விலாவில் அடி.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏட்டு ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். கேட்பது இங்கிலீஷ். அந்த அம்மாவோ வலியில், தெரிந்த இங்கிலீஷையும் மறந்து பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே, "தொர்த்யூ, தொர்த்யூ" என்றார். ஏட்டு நிமிர்ந்தார்.

"டர்ட்டில்? எஸ், எஸ்! வண்டி டர்ன்ட் டர்ட்டில்!" என்னைப் பார்த்து, "வண்டி குப்புறக் கவுந்தா இங்கிலீஷ்ல அப்படித்தான் எழுதுவோம். கண்ணுமண்ணு தெரியாத வேகத்துல வந்து கவுத்துருக்கான். அந்தம்மாவே சொல்லுது பாருங்க" என்றார்.

அந்த அம்மா, தான் சொன்னது புரிந்துவிட்டது என்று நினைத்துத் தலையை ஆட்டினார். ஏட்டு எழுதினார். பிரெஞ்சக்காவுக்குப் போன் போட்டேன்.

கால்மணி நேரத்தில் வந்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் ஷூ. அந்த அம்மாவின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குனிந்து கேட்டார். ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"ஏட்டய்யா, எழுதுறத நிறுத்துங்க. அவங்க சொன்ன ஆம வேற, நீங்க எழுதுன ஆம வேற."

"என்னம்மா ஆம கதை?"

"வண்டி ஆம மாதிரி மெதுவாப் போச்சுன்னு அவங்க சொல்றாங்க. வண்டி கவுந்தா பிரெஞ்சுல ஆமையே வராது. உருண்டா தொன்னோன்னு பீப்பாயத்தான் சொல்வாங்க. நீங்க 'வேகம்'னு எழுதியிருக்கீங்க. அவங்க சொன்னது நேர்மாறு. விளங்குதா?"

ஏட்டு பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிரெஞ்சக்கா கட்டிலின் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்குமாக நடந்துகொண்டே அந்த அம்மாவிடம் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா அதையே சொன்னார். ஏட்டு எழுதிய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார். அந்த நிமிஷம் பிரெஞ்சக்காவின் காலில் விழுந்திருப்பேன்.

அந்த அம்மா பேசுவதை நிறுத்தவில்லை. முகத்தில் ஒரு சிரிப்புகூட வந்தது. நல்ல கையால் ஏதோ படம் காட்டுவது மாதிரி சைகை செய்தார். நடுவில் தெலெஃபோன் என்ற சொல் என் காதில் விழுந்தது. பிரெஞ்சக்காவின் நடை நின்றது.

"என்னக்கா?" என்றேன், மெதுவாக. ஏட்டுக்குக் கேட்காமல் என் காதோடு சொன்னார்.

"சின்னத்தம்பி பாப்பாவுக்குப் பழனியில மொட்ட போட்டாங்கல்ல, அந்தப் படத்தப் போன்ல காட்டுனாராம். பின்னால திரும்பிக் காட்டியிருக்காரு. எவ்வளவு அழகான பிள்ளைன்னு இவங்க சொல்லிட்டிருக்கும்போதே சக்கரம் எறங்கிருச்சாம். பிள்ள மேல உசுரா இருக்கிற மனுஷன்னு சொல்றாங்க."

அந்த அம்மா அதை என் தம்பிக்கு நல்லதாக நினைத்துத்தான் சொன்னார். அது வாக்குமூலத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, அது வேணாம். அத விட்டுருங்க."

அவர் ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஏட்டிடம் எல்லாவற்றையும் சொன்னார். போன், மொட்டைப் படம், திரும்பியது, அழகான பிள்ளை என்றது, எதையும் விடவில்லை. ஏட்டு சந்தோஷமாக எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவரை மறித்தேன். "நம்ம வீட்டுப் பிள்ளைன்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பார்க்கலையேக்கா நீங்க."

"நெனச்சேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தம்பியின் லைசென்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஜீப் பட்டறையில் கிடந்தது. அவன் மன்னவனூருக்கு, எங்கள் சொந்த ஊருக்கு, திரும்பிப் போய் வெள்ளனே எழுந்து ஐஸ் மாதிரித் தண்ணீரில் கேரட் கழுவப் போனான். அவன் மனைவி பிரெஞ்சக்காவைப் பற்றிப் பேசியதை எழுத முடியாது. நான் என் போனிலிருந்து அவர் நம்பரை அழித்தேன். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் போனிலேயே மொழிபெயர்ப்பு போட்டுச் சமாளித்தேன். சரியாக வந்ததா, தப்பாக வந்ததா என்று யாரும் மேடேறி வந்து சொல்லவில்லை. அந்த அமைதி எனக்கு ஒத்துவரவில்லை. ஆனாலும் கூப்பிடவில்லை.

அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை வந்தார். வாசலிலேயே நின்றார்.

"தம்பி, அன்னைக்கு ஏட்டய்யாகிட்ட 'திரும்பினாரு'ன்னு சொல்லிட்டேன். அந்தம்மா சொன்னது 'பாதி திரும்பினாரு'. ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லி மாத்திட்டு வந்தேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"இன்னும் என்னென்ன திருத்தப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியாக அவர் சற்று நேரம் நின்றதும், பிறகு வெரசாக இறங்கிப் போனதும் தெரிந்தது. அந்தப் 'பாதி' தம்பிக்குக் கோர்ட்டில் உதவும் என்று பின்னால் எங்கள் வக்கீல் சொன்னார். அதையும் நான் அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

நாலாவது மாதம் பிரான்ஸிலிருந்து தம்பி பெயருக்கு லாட்ஜ் முகவரியில் ஒரு கடிதம் வந்தது. கையால் எழுதியது, மூன்று பக்கம். போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். பாட்டு வாத்தியாரின் கொடிக் கொடியான எழுத்து அதற்குப் பிடிபடவில்லை. கடிதத்தை வாங்க மன்னவனூரிலிருந்து பஸ் ஏறி வந்த தம்பி, "அக்காவக் கூப்பிடுண்ணே" என்றான்.

"ஏலே, வெக்கமா இல்லையா உனக்கு? அவளாலதான்—"

"போன் காமிச்சது நான்தானண்ணே" என்று சொல்லிவிட்டுத் தன் போனிலிருந்து அவனே கூப்பிட்டான்.

அவர் வந்தார். இளைத்திருந்தார். கடிதத்தை வாங்கி, கவுண்டருக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே முதலில் தனக்குள் படித்தார். பிறகு எங்களுக்குத் தமிழில் சொன்னார். கை கூடிவிட்டது, ஆனால் பியானோ வாசித்தால் வலிக்கிறது. லைசென்ஸ் விஷயம் எங்களிடம் தங்கிப்போன வேறு யாரோ சொல்லித் தெரியவந்தது. தான் சொன்ன ஒரு வார்த்தையால் ஒரு குடும்பம் கஷ்டப்படுவதை நினைத்துத் தூக்கமில்லை. அதிர்ச்சியில் தப்பாகச் சொல்லிவிட்டேன், டிரைவர் கையில் போன் இல்லை என்று கோர்ட்டுக்கு எழுதித் தரத் தயார். என்ன எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்குள் நாலு மாதமாக அடைத்துக் கிடந்தது உடைந்தது. "பாத்தீங்களா? சொன்னவங்களே விடத் தயாரா இருக்காங்க. நடுவுல நின்ன உங்களுக்கு அந்த ஒரு வார்த்தைய விட முடியல!"

பிரெஞ்சக்கா கடிதத்தை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"பாரிஸ்ல வயசான அம்மா ஒருத்தங்களப் பாத்துக்கிட்டேன் தம்பி. போன புதுசு. ஒருநாள் காலையில, 'நான் என் கரபாஸுக்குள்ள போறேன்'னு சொன்னாங்க. கரபாஸ்னா ஆமையோட ஓடு. அப்ப எனக்குத் தெரியாது. குளிருக்குப் போடுற கோட்டுன்னு நெனச்சேன். அலமாரியில இருந்து பெரிய கோட்ட எடுத்துக் கட்டில்ல வச்சுட்டு வந்துட்டேன். எனக்கு மூணு நாள் லீவு. திரும்பப் போனா, அவங்க சாப்பிடல, தண்ணி குடிக்கல, கதவத் தட்டுனவங்ககிட்டப் பேசல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. ஒரு வாரந்தான். மகன் வந்து என்னக் கேட்டாரு, அம்மா உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாங்களான்னு." நின்றார். "சொன்னாங்க தம்பி. எங்கிட்டதான் சொன்னாங்க."

என் கோபம் முழுதாகப் போய்விடவில்லை.

"அது தெரியாம நடந்தது. இங்க தெரிஞ்சே செஞ்சீங்க."

"ஆமா. தெரிஞ்சப்புறம் எப்படி விடுவேன்?"

அவர் எங்கள் லாட்ஜ் லெட்டர்பேடில் ஒரு தாளைக் கிழித்துக் கவுண்டர் மேல் வைத்தார். "பதில் சொல்லுங்க சின்னத்தம்பி. எழுதித் தாறேன்."

"போன் இல்லைன்னு எழுதச் சொல்லுலே. பனி, கண்ணு தெரியல, சக்கரம் எறங்கிருச்சு. அம்புட்டுத்தான்" என்றேன் நான். பிறகு சந்தேகம் வந்து அவரிடமே கேட்டேன்: "அவன் அப்படிச் சொன்னா எழுதுவீங்களா? பொய்யின்னு தெரிஞ்சும்?"

"எழுதுவேன். அவரு சொல்றது அவரு வார்த்த. அத விடுறதுக்கும் நான் யாரு, மாத்துறதுக்கும் நான் யாரு?"

அதற்கப்புறம் தம்பி கோர்ட்டில் தப்பை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். ஆறு மாதம் முடிந்து லைசென்ஸ் வந்தது, இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறான். பிரெஞ்சக்கா மறுவருஷம் புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவே பேசும் வேலை கிடைத்துப் போய்விட்டார். சொல்லிக்கொள்ள வந்தபோது நான் பழனியில் இருந்தேன். அவரை நினைத்தால் எனக்கு முன்னால் வருவது கடிதத்துக்குப் பதில் எழுதிய அந்தப் பிற்பகல்தான். தாளின் மேல் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அசையாமல், எங்கள் இருவரில் யாரையும் பார்க்காமல் அவர் காத்திருந்தது.

"அண்ணன் சொல்றத எழுதவா, நீங்க சொல்றத எழுதவா?" என்று கேட்டார்.

தம்பி தன் கைகளைப் பார்த்தான். தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"நான் சொல்றத எழுதுங்கக்கா. அம்மா, நான் போன் காமிச்சது நெசம். நீங்க கோர்ட்டுக்கு ஒண்ணும் எழுத வேணாம். உங்க கைய ஒடச்சது நான். மன்னிச்சுக்கிருங்க."

பேனா ஓடியது. நின்றது.

"பனி இருந்துச்சா?" என்று கேட்டார்.

"அது எதுக்குக்கா இப்ப?"

"இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு. எதுத்தாப்புல வர்றது தெரியாத பனி."

"அப்ப அதுவும் வரணும்" என்று எழுதினார். முழுவதையும் பிரெஞ்சில் ஒருமுறை படித்தார். பிறகு எங்களுக்காகத் தமிழில் படித்தார். தம்பி சொன்னதற்கு ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தம்பி தமிழில் கையெழுத்துப் போட்டான்.

தபால் ஆபீஸ் மூட அரைமணி நேரம் இருந்தது. நான் கவரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.